மாசி இசை விழா: கயிறு கட்டிய முன்வரிசை (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

அரசலாறு

விழா முடிந்து, பந்தல் கீற்றைக்கூடப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவே, காவிரிக்கரையில், மாசியில் ஐந்து நாள் கச்சேரி நடக்கும் ஊர் என்றால் இங்கே பலருக்குப் புரிந்துவிடும்.

இந்த வருடம் முதல் தடவையாக, முன்னால் பன்னிரண்டு வரிசை நாற்காலிக்கு வெள்ளை உறை மாட்டி, சுற்றிலும் கயிறு கட்டி, ‘விஐபி’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய். ஐந்து நாளுக்கும் சேர்த்து எடுத்தால் 2,000. நாங்களெல்லாம் கயிற்றுக்கு வெளியே.

விலையைவிட இடம்தான் எனக்கு வலித்தது. பந்தல் பழைய அளவுதான். பன்னிரண்டு வரிசை நாற்காலி போட்டதும் கூரை அங்கேயே தீர்ந்துவிட்டது. இத்தனை வருடமாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் வெட்டவெளிக்குப் போனார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆற்றங்கரையில் இரவு ஒன்பது மணிக்கு அது எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே, கூரைக்குக் கீழே, பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், நாற்பது வருடம் தவில் வாசித்தவர். இப்போது கை நடுங்குகிறது. மேடையிலிருந்து நாலு அடியில், மிருதங்கத்துக்கு நேராக அவருக்கு ஓர் இடம் உண்டு. யாரும் எழுதிவைத்த இடம் இல்லை. அவர் வந்தால் மற்றவர்கள் நகர்ந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கும் வழக்கம்போலப் போனார். கயிற்றோரம் நின்றது வெளியூரிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்த பையன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். “டோக்கன் இருக்கா தாத்தா?” என்று கேட்டான். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி, படித்துறைப் பக்கமாக நடந்து போய்விட்டார். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் வரவில்லை.

என் அப்பா இந்த விழாவுக்கு நெல் வாங்கப் போகும்போது சாக்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருக்கிறேன். ஒரு மா நிலத்துக்கு ஒரு மரக்கால் நெல். குத்தகைக்காரரும் கொடுத்தார். நிலம் இல்லாதவர்கள் பந்தலுக்குக் கீற்று முடைந்து கொடுத்தார்கள். எல்லாருக்குமான கச்சேரி என்று சொல்லித்தான் வாங்கினோம். அப்படிச் சொல்லி வாங்கிய வீடுகளுக்கு நான் இப்போது என்ன பதில் சொல்வது?

தம்பூரா

அண்ணா, நான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் நாள் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

வயலின் படிக்கிற பிள்ளைக்குக் காது மட்டும் போதாது. வில் எந்த இடத்தில் திரும்புகிறது, சுரத்தை அசைத்து இழைக்கிற கமகத்துக்கு இடது கை விரல் எப்படி வழுக்கிப் போகிறது, இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் பிள்ளைகளை மேடைக்கு ஒட்டி, வயலினுக்கு நேராக உட்கார வைத்துவிடுவேன். நான் வகுப்பில் ஒரு மாதம் சொல்லியும் வராதது அங்கே ஒரே கச்சேரியில் வந்துவிடும். இந்தத் தடவை ‘பெரிய திரை வைத்திருக்கிறோம், அதில் பாருங்கள்’ என்றார்கள். திரையில் முக்கால்வாசி நேரம் பாடியவரின் முகம்தான் தெரிந்தது.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, “டீச்சர், காலியாத்தானே இருக்கு, போய் உட்கார்ந்துக்கலாமா?” என்று கேட்டாள். கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் கூடாது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சீவாளி

நான் நாதஸ்வரக்காரன். இந்த விழாவிலும் ஒரு நாள் மங்கள இசை வாசித்தேன், எந்த நாள் என்பது வேண்டாம்.

மாலை ஆறு மணி. விஐபி டோக்கன் எடுத்தவர்கள் பெரிய கச்சேரிக்குத்தான் வருவார்கள், மங்கள இசைக்கு வர மாட்டார்கள். அதனால் எனக்கு முன்னால் வெறும் வெள்ளை நாற்காலிகள். அதற்கு அப்பால் மங்கலாக ஜனம். கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும்போது கேட்கிறவர் கை எட்டும் தூரத்தில் இருப்பார். ஒரு நல்ல பிடி விழுந்தால் அவர் தலை அசைவது தெரியும், அதைப் பார்த்துத்தான் அடுத்த பிடி வரும். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை. ராகத்தைச் சுருக்கி முடித்துவிட்டேன். வாசிப்பு சரியில்லை என்று யாருக்காவது தோன்றியிருந்தால் அது உண்மைதான்.

குடமுருட்டி

நான் விழாக்குழுவில் இருக்கிறேன். பெரியவர் விஷயம் இதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். தலைகுனிகிறேன். அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

மற்றதற்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல அனுமதியுங்கள். அரசலாறு அண்ணன் நெல் வாங்கப் போன காலத்தில் களம் என்று ஒன்று இருந்தது. நெல் குவிந்து கிடக்கும்போது போய் நின்றால் மனசோடு அள்ளிப் போடுவார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து டிராக்டரில் கொட்டுகிறது. நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. நாங்கள் எந்தக் களத்தில் போய் நிற்பது? பாதிக் குடும்பம் சென்னை, திருப்பூர், வெளிநாடு என்று போய்விட்டது. வாட்ஸ்அப்பில் கணக்கு எண் போட்டால் பத்து வீட்டில் இரண்டு வீடு அனுப்புகிறது.

போன வருடம் மைக் செட், ஜெனரேட்டர் பாக்கியை ஆடி மாதம்தான் தீர்த்தோம். பாடியவர்களில் இரண்டு பேர் பேசிய தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். கலைஞர்களிடம் கடன் சொல்லி நிற்பது எவ்வளவு கூச்சம் தெரியுமா? அப்போதுதான் ஒருவர், ‘நல்ல இடம் கொடுங்கள், காசு தருகிறோம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்’ என்றார். சரி, செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். இந்த வருடம் பாக்கி இல்லை. விழா நின்றுபோகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

காவேரிப்பட்டினம்

சென்னையில் மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கித்தானே போகிறோம்? 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. அங்கே யாரும் வருத்தப்படுவதில்லை. கலைஞருக்குச் சரியான சன்மானம் போக வேண்டும் என்றால் எங்கிருந்தாவது பணம் வர வேண்டும். நான் இதைத் தப்பாக நினைக்கவில்லை.

அரசலாறு

தம்பி, சபாவுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, மின்சாரக் கட்டணம் வருடம் முழுக்க உண்டு. அங்கே டிக்கெட் போடுவது அவர்கள் முறை. இங்கே பந்தல் போட்டது ஆற்றங்கரைப் புறம்போக்கில். ஜமுக்காளம் கோயிலுடையது. ஊர்வரி கொடுத்த வீடுகள் இருக்கின்றன. அந்த இடத்தில் கயிறு கட்டி விலை வைக்க யாருக்கு உரிமை?

அப்புறம், பணம் கொடுப்பவரை மதிப்பதற்கு நம் பக்கத்தில் வழி இல்லாமலா இருந்தது? கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி. அந்தக் குடும்பம் எண்ணெயிலிருந்து மேளம்வரை செலவு செய்யும். அதற்காக அவர்களுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், மாலை போடுவார்கள், முதல் பிரசாதம் கொடுப்பார்கள். எல்லார் எதிரிலும் பேரைச் சொல்வார்கள். மேளம் மட்டும் ஊருக்கே கேட்கும். திருவாரூர் கமலாலயத்தில் தெப்பத்தின் மேல் கச்சேரி நடக்கும்போது நாலு கரைப் படியிலும் ஜனம் உட்கார்ந்து கேட்கிறது. இன்னார் உபயம் என்று அறிவிப்பார்கள், அதைக் கேட்டு எல்லாரும் கும்பிடுவார்கள்.

உபயம் செய்கிறவர் ஊருக்காகக் கொடுக்கிறார். டோக்கன் எடுக்கிறவர் தனக்காக வாங்குகிறார். குழு இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். முதல் நாள் கச்சேரி முழுவதும் உன் குடும்ப உபயம் என்று சொல்லி, மேடையில் ஒரு பொன்னாடை போட்டுப் பாருங்கள். கொடுக்க ஆள் வரும். அதற்கு ஒரு கிழவரை எழுப்பிவிட வேண்டியதில்லை.

வெண்ணாறு

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். விழாவுக்காக லீவு போட்டு வந்தேன். அந்த விஐபி நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன்வரிசை ஆசை ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாற்காலி கிடைக்குமா என்று கேட்டேன், டோக்கன் எடுத்தால் கிடைக்கும் என்றார்கள். ஐந்து நாளுக்கும் இரண்டு டோக்கன் எடுத்தேன். முதல் நாள் அம்மா கச்சேரியைச் சரியாகக் கேட்கவே இல்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் அவரோடு ஐம்பது வருடம் பழகியவர்களெல்லாம் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கிளம்பச் சொன்னால், “அவங்கள்லாம் அங்க கெடக்க நான் மட்டும் சேர்ல உட்காரணுமாடா?” என்று கேட்டுவிட்டு வரவே இல்லை. மீதி நாலு நாளும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்த காலி நாற்காலிகளில் ஒன்று அம்மாவுடையது.

பணம் திரும்ப வேண்டாம். ஆனால் வயதானவர்களுக்கு நாற்காலி தருவதற்கு 500 ரூபாய் கேட்காதீர்கள்.

தேர்முட்டி

எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. முன்பு எல்லாரும் சமமாக உட்கார்ந்து கேட்டோம் என்பது போல இங்கே பேச்சு போகிறது. அது எல்லாருக்கும் உண்மை இல்லை.

என் தாத்தா அந்தப் பந்தலுக்குள் வந்ததே கிடையாது. தேர்முட்டிக்குப் பின்னால் நின்றுதான் கேட்பார். கயிறு எதுவும் கட்டவில்லை, யாரும் டோக்கன் கேட்கவில்லை. இருந்தாலும் எந்தத் தெருக்காரர் எதுவரை வரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். இரவு முழுக்க நின்று கேட்டுவிட்டு, விடிந்ததும் நடவுக்குப் போவார். அவருக்குத் தெரிந்த ராகம் நாலைந்து இருக்கும். பெயர் தெரியாது, பாடிக் காட்டுவார்.

அப்பா காலத்தில்தான் நாங்கள் உள்ளே வந்தோம். முதல் தடவை அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபோது ஓரமாக, பாதிக் கால் மண்ணில் இருக்கும்படிதான் உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்த ஒருவர், “உள்ள தள்ளி உட்காருங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாராம். அப்பா இதை எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஜமுக்காளம் எங்களுக்கு லேசாகக் கிடைத்ததில்லை. இந்த வருடம் கயிற்றைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அதனால்தான் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சீவாளி

தேர்முட்டி சொல்வது சரி. எங்கள் கூட்டத்துக்கும் அந்தக் கதை உண்டு. நாதஸ்வரக்காரர்கள் நின்று வாசிக்க வேண்டும், பாடகர்கள் உட்கார்ந்து பாடலாம் என்று இருந்த காலம் அது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்துச் சாதித்தார். 1956-இல் அவர் போய்விட்டார். இன்றைக்கும் நாங்கள் மேடையில் உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வோம்.

தம்பூரா

பெண்களுக்கும் அப்படித்தான். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொத்தையெல்லாம் போட்டு 1920-களில் கோயிலாகக் கட்டியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவாக வருடாவருடம் நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று அவரையே ஒதுக்கி வைத்தார்கள். அவர் சண்டை போட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதிக்குப் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். வருடக்கணக்கில் நடத்தினார். 1940 வாக்கில்தான் தனித்தனியாக ஆராதனை நடத்திய எல்லாக் கட்சியும் ஒன்றாகி, பெண்களும் ஒரே பந்தலில் பாடினார்கள். 1952-இல் அவர் காலமான பிறகு அவருக்கும் அங்கேயே நினைவிடம் அமைத்தார்கள். நான் பிள்ளைகளை ஆராதனைக்குக் கூட்டிப்போனால் முதலில் அங்கேதான் நிறுத்துவேன்.

அங்கே தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் பாடும்போது பாருங்கள். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்துதான் பாடுகிறார்கள். யாரும் சன்மானம் வாங்குவதில்லை. நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும்வரை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடுகிற சாதாரண ஜனம் எத்தனை! என் பிள்ளைகளும் பாடியிருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் டோக்கன் கேட்கவில்லை.

குடமுருட்டி அண்ணா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தியாகராஜர், பாடிக்கொண்டே வீடு வீடாகப் போய் அரிசி வாங்கும் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். ஆராதனை நாளில் அவர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து இன்றும் உஞ்சவிருத்தி புறப்பட்டுச் சமாதிக்குப் போகிறது. நம் குழு வீடு வீடாகப் போய் எத்தனை வருடம் ஆகிறது? எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு எண்ணை நானும் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன். வாசலில் வந்து நின்றிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

மைக்செட்

விழாவுக்கு மைக் செட் போட்டது நான்தான். தொழில்காரன் என்ற முறையில் இரண்டு மூன்று சொல்கிறேன்.

முதலில், முன்வரிசையில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது தப்பு. மேடைக்கு இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கிறது. நடுவில் முதல் மூன்று வரிசைக்கு அந்தச் சத்தம் சரியாகச் சேராது. ஒலியைக் கலந்து அளவுபடுத்தும் மிக்சர் கருவியை நான் வைத்திருந்த இடத்தில்தான் பாட்டும் வயலினும் மிருதங்கமும் அளவாகச் சேர்ந்து கேட்கும். அது பதினைந்தாம் வரிசைக்குப் பின்னால், அதாவது கயிற்றுக்கு வெளியே. முன்னால் உட்காருவதன் அருமை கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது. டீச்சர் சொன்ன மாதிரி, படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது வேண்டும்.

இரண்டாவது, நேரம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது. மூன்றாம் நாள் கச்சேரி ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியது. முன்வரிசைக்காரர்கள் வந்து சேரட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். ஏழே முக்காலுக்கு மேல்தான் தொடங்கியது. நடுவில் அவர்களுக்குப் பொன்னாடை. பத்து மணிக்குள் முடிக்க வேண்டுமே! வெட்டு விழுந்தது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில். ஐந்து நிமிடம். மிருதங்கமும் கடமும் ஒரு சுற்றுகூட நன்றாக வாங்கிக்கொள்வதற்குள் மோரா, தீர்மானம் என்ற முடிப்புகளுக்கு வந்துவிட்டார்கள். தவில் பெரியவர் எதற்காக வந்தாரோ, அதுதான் போயிற்று.

மூன்றாவது, நாற்காலி. நாற்காலியை முன்னால் போட்டால் பின்னால் தரையில் இருப்பவருக்கு மேடை தெரியாது. தரையில் இருப்பவரை முன்னால் விட்டு, நாற்காலியை இரண்டு ஓரத்திலும் பின்னாலும் போட்டால் யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள். கல்யாணக் கச்சேரிகளில் நான் அப்படித்தான் போடச் சொல்வேன். கூரையும் எல்லாருக்கும் போதும்.

குடமுருட்டி

டீச்சர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கொரோனாவுக்கு அப்புறம் வீடு வீடாகப் போகவில்லை என்பது உண்மை. போனால் முகம் கொடுப்பார்களோ என்ற தயக்கம், அப்புறம் அதுவே பழகிவிட்டது.

கணக்கு இன்று எடுத்துப் பார்த்தேன். நாற்காலிப் பணத்தில் கணிசமான பங்கு வெள்ளை உறை, பெரிய திரை, காவலுக்கு வந்த பையன்கள், முன்வரிசைக்குக் கொடுத்த சிற்றுண்டி இதற்கே போயிருக்கிறது. மிச்சம் நின்றதில் ஒரு நாள் கச்சேரிச் செலவு சரிக்கட்டும். ஒரு நாள் உபயத்துக்கு ஒரு குடும்பம் கிடைத்திருந்தாலே இது தேவைப்பட்டிருக்காது. இதை நானே இன்றைக்குத்தான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கணக்கு வாசிக்கிறோம். எல்லாரும் வாருங்கள். கயிறு வேண்டாம் என்று நானே முன்மொழிகிறேன். குழுவில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது, அடுத்த வருடத்துக்கும் நாற்காலி கேட்டு முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வெண்ணாறு

ஒரு நாள் உபயம் எவ்வளவு ஆகும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். நானும் இங்கே இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்துக்கொள்கிறோம். அம்மா பெயரில் வேண்டாம், தெருவின் பெயரில் அறிவியுங்கள்.

காவேரிப்பட்டினம்

நான் எழுதியபோது இது எதுவும் தெரியாது. உபயம், கயிறு பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. ஆனாலும் கலைஞர்களுக்குப் பேசிய தொகையைக் குறைக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையும் பேசுங்கள்.

தேர்முட்டி

வீடு வீடாகப் போவதென்றால் எங்கள் தெருவுக்கு நான் வருகிறேன். எங்கள் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் கொடுப்பார்கள்.

சீவாளி

இன்று காலை பெரியவரைப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை, அந்தப் பையனைப் பற்றியும் பேசவில்லை. மூன்றாம் நாள் தனி ஆவர்த்தனத்தில் என்ன நடை போனார்கள் என்று கேட்டார். கண்ட நடை (ஒரு தாள அடிக்கு ஐந்து எண்ணிக்கை) என்றேன். தொடையில் மெதுவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டார். நடுங்குகிற கைதான், ஆனால் கணக்கு தவறவில்லை. எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்று கேட்டார். ஐந்து நிமிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மைக்செட்

அண்ணே, அந்தக் கச்சேரி முழுவதும் என்னிடம் பதிவாகியிருக்கிறது. பென் டிரைவில் போட்டு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சின்னப் பெட்டி ஒன்றும் எடுத்து வருகிறேன்.